மசோதா குழுவில் இருக்கும்போதே உரிமைக் கேள்வியை எழுப்புவது எப்படி?

ஒரு மசோதாவை நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று விளம்பரம் வந்தால், கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். திருப்பூர் பனியன் தொழிலாளர் சங்கத்துக்கோ, பல்லடம் விசைத்தறிக்காரர்களுக்கோ, தாளவாடி மலையிலுள்ள கிராம சபைக்கோ சேதி வந்து சேர்வதற்குள் அதில் பாதி ஓடியிருக்கும். மிச்சமுள்ள நாளில், "இது மக்கள் விரோதச் சட்டம், உடனே வாபஸ் வாங்க வேண்டும்" என்று ஒரு பக்கம் எழுதி, ஐம்பது கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதுதான் வழக்கம். குழுவின் செயலகத்தால் அந்தக் காகிதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குழு மசோதாவைப் பிரிவு பிரிவாகத்தான் எடுத்துப் பேசும். பிரிவு எண்ணே இல்லாத மனுவை எந்த நாள் கூட்டத்தில், எந்த வரிக்கு எதிராக வைப்பது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மசோதாக்களை மனித உரிமைக் கண்ணோடு பார்ப்பதற்கென்றே ஒரு குழு நம் நாடாளுமன்றத்தில் கிடையாது. பிரிட்டனில் உண்டு. 2001 முதல் இயங்கும் அந்தக் கூட்டுக்குழுவில் இரு அவைகளிலிருந்தும் ஆறு ஆறு பேராக 12 உறுப்பினர்கள். அங்கே மசோதா கொண்டுவரும் அமைச்சர், 1998-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, "இது உரிமைகளுக்கு இசைவானது" என்றோ "அப்படிச் சொல்ல முடியவில்லை, ஆனாலும் அவை இதை எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றோ எழுதித் தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2011-இல் இதற்கென்றே சட்டம் போட்டு, 10 பேர் கொண்ட குழு அமைத்தார்கள். மசோதாவோடு சேர்த்து, நாடாளுமன்றம் ரத்து செய்யக்கூடிய விதிகளுக்கும் அங்கே இசைவு அறிக்கை வேண்டும். அறிக்கையில் ஓட்டை இருந்தால் குழு அமைச்சருக்கே கடிதம் எழுதி விளக்கம் கேட்கும், வந்த பதிலையும் அச்சிடும்.

நம் ஊரில் அமைச்சர் அப்படி எதுவும் எழுதித் தர வேண்டியதில்லை. உரிமைக் கேள்வியை அரசு தானாக எழுப்பாது. பாதிக்கப்படுகிறவர் எழுப்பினால்தான் அது குழுவின் மேசைக்கே வரும். ஆகவே அந்த நாட்டுக் குழுக்கள் அமைச்சரிடம் கேட்கும் கேள்விகளை நீங்களே கேட்டு, பதிலையும் எழுதி, திருத்தத்தையும் எழுதி அனுப்புவதுதான் வேலை.

எந்தக் குழு என்று பாருங்கள்

1993-இல் 17 ஆகத் தொடங்கிய துறைவாரி நிலைக்குழுக்கள் 2004 முதல் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31. அமைச்சர்கள் இருக்க முடியாது. 16 குழுக்கள் மக்களவை சபாநாயகரின் கீழும் 8 குழுக்கள் மாநிலங்களவைத் தலைவரின் கீழும் வருகின்றன. எந்தச் செயலகத்துக்கு அனுப்புவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. உள்துறைக் குழு மாநிலங்களவைச் செயலகத்தைச் சேர்ந்தது, தொழிலாளர் துறைக் குழு மக்களவையைச் சேர்ந்தது. இடம் மாற்றி அனுப்பினால் கடிதம் சுற்றிக்கொண்டு வருவதற்குள் கெடு முடிந்துவிடும். இவை தவிர, ஒரே ஒரு மசோதாவுக்காகப் போடப்படும் தெரிவுக்குழு (ஒரே அவையின் உறுப்பினர்கள்), கூட்டுக்குழு (இரு அவையின் உறுப்பினர்கள்) ஆகியவையும் உண்டு.

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போவதில்லை. 15-ஆவது மக்களவையில் 71 விழுக்காடு போயின, 17-ஆவதில் 16 விழுக்காடுதான். ஆகவே மசோதா அறிமுகமாவதற்கு முன்பே, துறை வரைவை வெளியிடும் கட்டத்திலேயே ஒரு கண் வைத்திருப்பது நல்லது. வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அதை மீறினால் கேட்க வழியில்லை என்பதால் பல துறைகள் கண்டுகொள்வதில்லை.

மசோதாவைப் பின்னாலிருந்து படியுங்கள்

பிரிவு 1-இல் தொடங்கி வரிசையாகப் படித்தால் வரையறைகளிலேயே களைத்துவிடுவீர்கள். கடைசிப் பக்கங்களில் நோக்கக் காரண விளக்கவுரை, பிரிவுகளின் குறிப்பு, நிதிக் குறிப்பு, எந்தெந்த விஷயத்தை விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள் என்று சொல்லும் குறிப்பு, திருத்தப்படும் பழைய சட்டத்தின் பகுதிகள் எல்லாம் இருக்கும். அதற்கு முன்னால் அட்டவணைகள். அங்கிருந்து தொடங்குங்கள்.

அட்டவணையில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் நான்காம் அட்டவணையைப் பார்க்க வேண்டும். முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு, நிலத்துக்காரர் ஒப்புதல் என்று நல்ல விஷயங்களாக அடுக்கிவிட்டு, பின்னால் 13 சட்டங்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், மின்சாரச் சட்டம், 1962-ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்வழிச் சட்டம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத் தோட்டங்காடுகளில் எரிவாயுக் குழாயையும் உயர்மின் கோபுரத்தையும் எதிர்த்து நின்றவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதல்ல. மசோதாவை ஆய்ந்த நிலைக்குழு 2012-லேயே இந்த விலக்கை எதிர்த்தது. அதன் பலனாக ஒரு உட்பிரிவு சேர்ந்தது: இழப்பீடு, மறுவாழ்வுப் பகுதிகளை மட்டும் ஓராண்டுக்குள் அந்த 13 சட்டங்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று. சமூகத் தாக்க மதிப்பீடும் ஒப்புதலும் வரவில்லை.

அட்டவணை முடிந்ததும், பென்சிலை எடுத்துக்கொண்டு சில சொற்றொடர்களை மட்டும் தேடுங்கள். உரிமைச் சிக்கல் பெரும்பாலும் இவற்றுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

"விதிக்கப்படும் முறையில்" என்றால் முக்கியமான முடிவை நாடாளுமன்றம் எடுக்காமல் துறையிடம் விட்டிருக்கிறது. படிவத்தின் நிறம் விதியில் இருக்கலாம். யாரைக் கைது செய்யலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பது விதியில் இருக்கக் கூடாது.

"வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும்" என்றால் பழைய சட்டம் ஒன்று தந்த பாதுகாப்பு போகிறது. எது போகிறது என்று தேடிக் கண்டுபிடித்துப் பெயர் சொல்ல வேண்டும்.

"உரிமையியல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை" என்று இருந்தால், பதிலுக்கு மேல்முறையீட்டு அமைப்பு எங்கே, அதில் யார் உட்காருகிறார், தொலைவு எவ்வளவு என்று கேளுங்கள். "நல்லெண்ணத்தில் செய்த செயலுக்கு வழக்கில்லை" என்பது எல்லாச் சட்டத்திலும் வரும் வாசகம். ஆனால் நுழைவு, சோதனை, பறிமுதல் அதிகாரத்தோடு சேரும்போது கவனிக்க வேண்டியதாகிவிடும். "மாறாக நிரூபிக்கப்படும் வரை கருதப்படும்" என்றால் குற்றமற்றவர் என்று காட்டும் சுமை உங்கள் தலைக்கு வந்துவிட்டது. "இந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும்" என்று பழைய தேதி போட்டுத் தண்டனையும் வைத்தால், செய்தபோது குற்றமாக இல்லாததற்குப் பின்னால் தண்டிக்கக் கூடாது என்னும் அரசமைப்பின் 20(1) கூறு நேராகக் குறுக்கே நிற்கிறது.

எந்த உரிமை என்று சரியாகச் சொல்லுங்கள்

இங்கேதான் நம் பக்கத்து மனுக்கள் அதிகம் சறுக்குகின்றன. "எங்கள் சொத்துரிமை என்ற அடிப்படை உரிமை பறிபோகிறது" என்று எழுதினால், முதல் வரியிலேயே அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். சொத்துரிமை 1978-இன் 44-ஆவது திருத்தத்தோடு அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. இப்போது அது 300ஏ கூறின்படி அரசமைப்பு உரிமை: சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் எடுக்கக் கூடாது என்பது மட்டும். ஆகவே நிலப் பிரச்சினைக்கு 300ஏ-வோடு, பாரபட்சம் இருந்தால் 14-ஆவது கூறையும், பிழைப்பு போகிறது என்றால் 21-ஆவது கூறையும் சேர்த்து எழுதுங்கள். வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

19-ஆவது கூறு குடிமக்களுக்கு மட்டும். 14-உம் 21-உம் எந்த மனிதருக்கும் பொருந்தும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்து வேலை செய்பவர்களைப் பற்றி எழுதும்போது, இந்தியாவில் எங்கும் போகவும் தங்கவும் தொழில் செய்யவும் தரும் 19-இன் உட்கூறுகளைத் தாராளமாகச் சொல்லலாம், அவர்களும் குடிமக்கள்தான். மில் விடுதியில் பெண்களை அடைத்து வைத்து வேலை வாங்கும் நிலையைப் பற்றி என்றால் கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆவது கூறு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

சர்வதேச உடன்படிக்கைகளையும் காட்டலாம். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையிலும் பொருளாதார, சமூக உரிமைகளுக்கான உடன்படிக்கையிலும் இந்தியா 1979-இல் சேர்ந்தது. ஆனால் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, ஏற்புறுதி செய்யவில்லை. கையெழுத்தையும் ஏற்புறுதியையும் குழப்பி எழுதினால் மற்ற வாதங்களின் மதிப்பும் குறைந்துபோகும்.

நான்கு கேள்விகள்

உரிமையைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினால் மட்டும் போதாது. எல்லாச் சட்டமும் எதையோ கட்டுப்படுத்தத்தான் செய்யும். கட்டுப்பாடு நியாயமானதா என்பதைப் பார்க்க நம் உச்ச நீதிமன்றம் 2016-இல் மாடர்ன் டென்டல் கல்லூரி வழக்கிலும், 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி அந்தரங்க உரிமை வழக்கிலும் பேசிய அளவுகோல், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் குழுக்கள் வைத்திருக்கும் அளவுகோலோடு ஏறக்குறைய ஒன்றுதான். நோக்கம் நியாயமானதா? இந்த வழி அந்த நோக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா? இதைவிடக் குறைவாக உரிமையைத் தொடும் வேறு வழி இல்லையா? கிடைக்கும் பலனுக்கும் ஏற்படும் இழப்புக்கும் பொருத்தம் உண்டா?

மூன்றாவது கேள்வியில்தான் உங்கள் பலம். நோக்கம் நியாயமா என்பதில் அரசோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். "நோக்கம் சரி, ஏற்கிறோம்" என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டு, அதே நோக்கத்தை எட்ட இன்னொரு வழியைக் காட்டுங்கள். ஆளுங்கட்சி உறுப்பினரும் கூச்சமில்லாமல் ஆதரிக்கக்கூடிய வாதம் அது.

ஒரு கற்பனைப் பிரிவை வைத்துப் பார்ப்போம். பிரிவு 27(2): "சட்டம் மீறப்பட்டதாகக் கருதும் ஆய்வாளர், எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் நுழைந்து, பதிவேடு, கைப்பேசி உள்ளிட்ட எந்தப் பொருளையும் கைப்பற்றலாம்." திருப்பூர்ச் சந்துகளில் பிசிர் வெட்டுவதும் பட்டன் வைப்பதும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அந்தப் பெண்களுக்கு வீடுதான் வேலையிடம். மனுவில் அந்தப் பிரிவுக்கான பகுதி இப்படி அமைய வேண்டும்:

பிரிவின் வாசகம், அப்படியே, ஒரு சொல் விடாமல்.

விளைவு: "எந்த இடத்திலும்" என்பதால் குடியிருக்கும் வீடும் அடங்குகிறது. "எந்த நேரத்திலும்" என்பதால் நள்ளிரவும் அடங்குகிறது. "கருதும்" என்பதால் காரணத்தை எழுதி வைக்க வேண்டியதில்லை. கைப்பேசி போனால் கூலி வந்து சேரும் வழியும், வேலை கொடுப்பவரின் அழைப்பும் சேர்ந்து போகும்.

உரிமை: 21-ஆவது கூறின் கீழ் அந்தரங்கமும் பிழைப்பும், கட்டற்ற விருப்ப அதிகாரம் என்பதால் 14.

ஆய்வு: குழந்தைத் தொழிலாளரைத் தடுப்பதும் கூலிச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் நியாயமான நோக்கம். நேரில் பார்ப்பது அதற்கு உதவும். கைப்பேசியை எடுத்துப்போவது எப்படி உதவும் என்று மசோதாவின் குறிப்பில் விளக்கமில்லை. குற்றச் சோதனைக்கு வரும் போலீஸுக்கே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு ஒலி, காட்சிப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. தொழிலாளர் ஆய்வாளருக்கு அந்தக் கட்டுப்பாடுகூட இல்லை.

திருத்தம்: "நம்புவதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்த பிறகு" என்று தொடங்குக. "எந்த நேரத்திலும்" என்பதற்குப் பதில் "சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில்". குடியிருப்பாக இருந்தால் நடுவர் அனுமதியும் பெண் அலுவலர் ஒருவர் உடனிருப்பதும் வேண்டும். "கைப்பேசி" என்ற சொல்லை நீக்குக. ஆவணங்களுக்கு நகல் எடுத்தால் போதும். மூலத்தை எடுத்தால் அங்கேயே பட்டியல் கொடுத்து, 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இந்த அளவுக்கு எழுதினால் ஒரு பிரிவுக்கு ஒன்றரைப் பக்கம் ஆகும். நான்கு பிரிவுக்கு மேல் போகாதீர்கள். இருபது பிரிவைத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுவதைவிட, மூன்று பிரிவை முழுசாக எழுதுவது எடுபடும். முதல் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை: பிரிவு எண், சிக்கல், கேட்கும் திருத்தம். குழு உறுப்பினர்களில் பலர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார்கள்.

சான்றுகளை உள்ளூரிலிருந்தே எடுங்கள். கிராம சபைத் தீர்மானம், தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில், கூலிச் சீட்டு, வார்டில் வீட்டு வேலை நடக்கும் வீடுகளை நீங்களே எண்ணிய கணக்கு. தனிநபர் பெயரும் ஆதார் எண்ணும் வேண்டாம். உரிமை மீறலைப் பற்றிய மனுவே ஒருவரின் அந்தரங்கத்தை மீறிவிடக் கூடாது.

அனுப்புவது

விளம்பரத்தில் பொதுவாக இரண்டு பிரதி, ஆங்கிலம் அல்லது இந்தி என்று கேட்பார்கள். தமிழில் மட்டும் அனுப்பினால் தேங்கிவிடும் அபாயம் உண்டு. தமிழில் யோசித்து, தமிழில் எழுதி, ஊரில் வாசித்துக் காட்டித் திருத்திய பிறகு மொழிபெயருங்கள். திருத்த வாசகத்தை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், அங்கே ஒரு சொல் மாறினாலும் பொருள் மாறிவிடும். தபாலை மட்டும் நம்பாமல் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நேரில் சாட்சியம் சொல்ல விருப்பம் என்றால் அதைத் தனியாக, தெளிவாக எழுத வேண்டும். எழுதாதவர்களைக் கூப்பிட மாட்டார்கள், எழுதினாலும் கூப்பிடுவது குழுவின் விருப்பம்.

மனு குழுவின் கைக்குப் போன பிறகு அது குழுவின் ஆவணம், ரகசியமானது. அறிக்கை வருமுன் அதை வாட்ஸாப் குழுவிலோ பத்திரிகையிலோ வெளியிட்டால் அவை உரிமை மீறல் (நாடாளுமன்றத்தின் சிறப்புரிமையை மீறியதாக) பிரச்சினை கிளம்பலாம். மசோதாவைப் பற்றிக் கூட்டம் போடலாம், கட்டுரை எழுதலாம், அதற்குத் தடையில்லை. கொடுத்த மனுவைத்தான் வெளியிடக் கூடாது.

உங்கள் தொகுதி எம்.பி. அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று யாராவது ஒருவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தமிழ்நாட்டுக்காரர் யார் என்று தேடுங்கள். குழு பெரும்பான்மையாக ஒப்புக்கொள்ளாத திருத்தத்தை ஓர் உறுப்பினர் மறுப்புக் குறிப்பாக அறிக்கையோடு இணைக்க முடியும். அதற்குத் தயார் வாசகம் அவர் கையில் இருக்க வேண்டும்.

கூட்டம் கதவடைத்துத்தான் நடக்கும். சாட்சியம் சொல்லப் போனால் துறை அதிகாரிகள் ஏற்கெனவே வந்து தங்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஐந்து நிமிடம் கிடைக்கலாம், இருபது நிமிடம் கிடைக்கலாம். ஐந்தே நிமிடம் என்று வைத்துக்கொண்டு, உங்களுக்கு மிக முக்கியமான ஒரே பிரிவோடு தொடங்குங்கள்.

குழு சொன்னால் அரசு கேட்குமா?

கட்டாயமில்லை. பரிந்துரைதான். ஆனாலும் சட்டத்தின் முகமே மாறியதுண்டு. 2005 டிசம்பர் 13-இல் அறிமுகமான வன உரிமை மசோதா பழங்குடியினருக்கு மட்டும், 1980 அக்டோபர் 25-க்கு முன் காட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. கூட்டுக்குழு அதைப் பிரித்துப் போட்டது. கெடு தேதி மசோதா அறிமுகமான நாளுக்கே நகர்ந்தது, மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழும் பிற மரபுவழி வனவாசிகளும் உள்ளே வந்தார்கள். சத்தியமங்கலம் காட்டின் சோளகர், ஊராளி, இருளர் ஊர்களுக்குக் கெடு தேதி மாறியது உதவியது. பர்கூர் மலையில் மாடு வளர்க்கும், பழங்குடிப் பட்டியலில் இல்லாத லிங்காயத்துக் குடும்பங்கள் உரிமை கேட்கவே முடிந்தது அந்த இரண்டாவது திருத்தத்தால்தான்.

அதே காடு பற்றிய 2023 வனப் பாதுகாப்புத் திருத்த மசோதாவும் ஒரு கூட்டுக்குழுவுக்குத்தான் போனது. ஒரு சொல்கூட மாறாமல் திரும்பி வந்தது. மறுப்புக் குறிப்புகள் மட்டும் இணைப்பில் இருக்கின்றன. அதே ஆண்டு குற்றவியல் மசோதாக்களில், 15 நாள் போலீஸ் காவலை 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துப் பிரித்து எடுக்க வழிவிடும் பிரிவு தவறாகப் பயன்படலாம், தெளிவாக்குங்கள் என்று உள்துறைக் குழு சொன்னது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவில் அந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது.

தோற்ற மனுவும் வீணாகப் போவதில்லை. குழு அறிக்கைகளை நீதிமன்றம் சான்றாக எடுத்துப் பார்க்கலாம் என்று 2018-இல் கல்பனா மேத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அறிக்கை சரியா தவறா என்று வழக்காட முடியாது, அவ்வளவுதான். உங்கள் எதிர்ப்பு அறிக்கையின் பக்கங்களில் பதிவாகியிருந்தால், பின்னால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும் வக்கீலுக்கு அது கைகொடுக்கும்.

சட்டம் வந்த பிறகு விதிகள் வரும். வரைவு விதிகளை அரசிதழில் போட்டு ஆட்சேபம் கேட்பார்கள், அதற்கும் கெடு உண்டு. நாடாளுமன்றத்தில் விதிகளை 30 நாள் வைப்பார்கள். சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டி விதி போயிருந்தால் விதிகளை ஆராயும் நாடாளுமன்றத்தின் சார்நிலைச் சட்டக் குழுவுக்கு எழுதலாம். மசோதாக் கட்டத்தில் தூங்கிவிட்டவர்களுக்கு இது இரண்டாவது வாசல்.

சென்னையில் நிலைமை வேறு. தமிழ்நாட்டுப் பேரவையில் மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வழி இருந்தாலும் பெரும்பாலானவை அறிமுகமான சில நாளிலேயே நிறைவேறிவிடும். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று எந்தக் குழுவையும் பார்க்காமல் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததும் 24-ஆம் தேதி நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அங்கே பதினைந்து நாள் கெடுவெல்லாம் கிடையாது. மசோதா கையில் கிடைத்த அன்றே ஒரு பக்கத் திருத்தத்தை எம்.எல்.ஏ.விடம் கொடுத்துவிட வேண்டும்.

நடைமுறையில் இருக்கும் சட்டத்தால் வரும் பொதுத் தொல்லைக்கு, பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். வழக்கமாக ஐந்து நகல் கேட்பார்கள், தமிழில்தான். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதையும், தனிப்பட்ட வேலை, கடன், பட்டா விவகாரத்தையும் எடுக்க மாட்டார்கள். பழைய மனுக்களின் தேதி, வந்த பதில்களின் எண், கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்பதை வரிசையாக எழுதி, நகல்களை அதே வரிசையில் பின்னால் வைத்துத் தைத்துக் கொடுங்கள்.